பசுக்கள் மேயும் எரிமலை: கான்தால் நாட்குறிப்பு

திங்கள், முரா

கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து ஓரியாக் போகும் ரயிலில் ஏறி மதியம் முராவில் இறங்கினோம். தம்பி கிளெர்மோனில் படிக்கிறான். அவனைப் பார்க்க வந்த கையோடு இரண்டு பேருமாக மலையில் நடக்கலாம் என்று முடிவு செய்தோம். பிரான்ஸில் மலை என்றாலே ஆல்ப்ஸைத்தான் எல்லாரும் சொல்வார்கள். "அங்கெல்லாம் கூட்டம் அக்கா, நாம கான்தால் போவோம், அங்க மனுஷங்களைவிட மாடுங்கதான் ஜாஸ்தி" என்றான் அவன். அப்படியே இருக்கிறது. கான்தால் மாவட்டம் முழுவதற்கும் மக்கள்தொகை சுமார் 1,44,000 தான். ரயில் ஜன்னலில் வீடுகள் குறையக் குறையப் பசுக்கள் கூடிக்கொண்டே வந்தன.

இந்த மாவட்டத்தின் நடுப்பகுதி முழுவதும் ஒரே ஓர் அணைந்த எரிமலை. சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன் கக்கத் தொடங்கியது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சுமார் 70 கிலோமீட்டர். ஐரோப்பாவின் மிகப் பெரிய அடுக்கு எரிமலை இதுதான் என்கிறார்கள். ஆனால் கூம்பு வடிவத்தில் ஒரு மலையைத் தேடினால் கிடைக்காது. பிற்பாடு வந்த பனியாறுகள் அதைச் செதுக்கித் தள்ளிவிட்டன. நடுவில் சில சிகரங்கள் மிஞ்சின. அங்கிருந்து நாலாபுறமும் பள்ளத்தாக்குகள் நட்சத்திரக் கதிர்போல் இறங்குகின்றன.

முரா ஒரு சிறிய ஊர். மூன்று கரிய பாறைக் குன்றுகள் அதைச் சுற்றி நிற்கின்றன. போன்வீ என்ற குன்றின் உச்சியில் வெள்ளை நிற மாதா சிலை. வீடுகள் கருங்கல், கூரையிலும் கற்பலகைகளையே மீன் செதிலாக அடுக்கியிருக்கிறார்கள். பேக்கரியில் ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கும் கூம்பு பிஸ்கட் ஒன்று இருக்கிறது, உள்ளே கெட்டியான கிரீம் நிரப்பியது. வாங்கிக்கொண்டு சதுக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

1944 ஜூனில் இந்த ஊரில் ஜெர்மன் காவல் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க ஜூன் 24 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர் நொயன்காம் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. இவ்வளவு சின்ன ஊரில் அத்தனை ஆண்கள் என்றால் எத்தனை வீடுகள் வெறிச்சோடியிருக்கும்! கடைத்தெருவில் நடக்கும்போது அதே நினைப்புதான்.

செவ்வாய், லியோரான்

காலையில் ரயிலில் லியோரான் வந்து, அங்கிருந்து ப்ளோம் து கான்தால் ஏறினோம். 1,855 மீட்டர், இந்த மலைகளில் இதுதான் உயரம். உச்சிக்குப் பக்கத்தில்வரை ரோப் கார் போகிறது. நாங்கள் நடந்தே ஏறினோம். முதலில் ஃபிர் மரக்காடு, இருட்டும் ஈரமும். காடு சட்டென்று முடிந்ததும் புல், புல், புல் மட்டுமே. குளிர்காலத்தில் இதே சரிவில்தான் பனிச்சறுக்கு நடக்கிறது. கோடையில் அந்தக் கம்பங்களும் கம்பிகளும் கண்ணை உறுத்தின. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. வடமேற்கே நாளை மறுநாள் போக நினைக்கும் புய் மரி கூர்மையாகத் தெரிந்தது.

பாதைக்குறிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மரத்திலோ பாறையிலோ வெள்ளைக்கோடு ஒன்றும் அதன் கீழே சிவப்புக்கோடு ஒன்றும் இருந்தால் சரியான நெடும்பாதை. இரண்டும் குறுக்காகப் பெருக்கல் குறிபோல் இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். இந்த மலைகளைச் சுற்றிவரும் பாதையின் எண் 400. இந்தக் கோடுகளைப் பெரும்பாலும் நடைச் சங்கங்களின் தன்னார்வலர்கள்தான் பெயின்ட் டப்பாவோடு வந்து புதுப்பிக்கிறார்கள்.

இரவு லியோரானில். கால் வலிக்கிறது, இன்றைக்கு இவ்வளவு போதும்.

புதன், மாந்தாய்

இன்றைக்கு நடந்ததுதான் உண்மையான மலைநடை. லியோரானிலிருந்து அலஞ்ஞோன் ஆறு பிறக்கும் இடத்தைத் தாண்டி ரோம்பியேர் கணவாய்க்கு ஏறினோம். அந்த முதுகில் நின்றால் இரண்டு உலகங்கள் தெரியும். பின்னால் விழும் மழைத்துளி அலஞ்ஞோன், அலியே, லுவார் என்று சேர்ந்து அட்லாண்டிக்கின் ஒரு முனைக்குப் போகும். முன்னால் விழுவது ஜோர்தான் ஓடை, செர், தோர்தோஞ் வழியாக எங்கோ தெற்கே போய்க் கடல் சேரும். இரண்டு துளிகளும் விழும்போது நடுவில் இருப்பது ஓரடி நிலம்.

அங்கிருந்து புய் க்ரியூ, 1,690 மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குவித்துவைத்த கற்குவியல். கடைசிப் பகுதியில் பாதை என்று எதுவும் இல்லை. கற்பாளங்களைக் கையால் பிடித்துப் பிடித்து ஏறவேண்டும். இந்தக் கல் விசேஷமானது. ஒரு பலகைக்கல்லை இன்னொன்றால் தட்டினால் 'ணங்' என்று கேட்கும். தட்டையாகப் பிளக்கும் என்பதால் இந்த வட்டாரத்தில் கூரைக்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தம்பி தட்டிக்கொண்டே ஏறினான். மேலே இடம் குறைவு; பத்துப் பேர் நின்றால் நெருக்கம். ஆனால் எரிமலையின் நடுவில் நிற்கிறோம் என்பது அங்கேதான் உடம்புக்குப் புரிகிறது. சுற்றிலும் சிகரங்கள் வளையமாக நிற்க, நாம் வளையத்துக்குள்ளே.

இறங்கும்போது பசுக்களோடு முதல் நெருக்கம். சலேர் இனம்: அடர்சிவப்பு நிறம், சுருண்ட ரோமம், யாழ்போல் வளைந்து உயர்ந்த கொம்பு. பாதை நேராக மந்தைக்குள் போகிறது. கன்றோடு இருக்கும் பசுக்கள் என்பதால் மந்தையைச் சுற்றிக்கொண்டு வரச் சொன்னான் தம்பி. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகக்கூடாது, நாயைக் கூட்டிவரக்கூடாது என்று வாயிற்கம்பியிலேயே படம் வரைந்து மாட்டியிருக்கிறார்கள். கம்பிக் கதவைத் திறந்து போனால் திரும்ப மூடவேண்டும். இது எழுதப்படாத சட்டம். மூடாமல் போனால் ஒரு குடும்பம் அன்று ராத்திரி முழுக்க மாடு தேடும்.

மாந்தாய் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் கிராமம். பக்கத்துக் கிராமத்தோடு சேர்த்துச் சுமார் 200 பேர். நாங்கள் சேர்ந்தபோது மாலை ஆறு மணி. ஊரே வயலில் இருந்தது. நாளைக்கு மழை என்று வானிலை அறிவிப்பு சொல்லிவிட்டதால், வெட்டிக் காயப்போட்ட புல்லை இருட்டுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோகவேண்டும். டிராக்டர்கள் வரிசையாகப் போயின. சரிவான நிலத்தில் இயந்திரம் போகாத ஓரங்களில் பெண்களும் சிறுவர்களும் மரக்கோரியால் புல்லை இழுத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். தங்குமிடத்துக்காரர் வீட்டில் இல்லை. அவரும் பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தில்தான் இருந்தார். கதவில் ஒரு சீட்டு: 'செருப்பை வெளியே விடவும், சாப்பாடு எட்டுக்கு.'

ஜூலையில் இங்கே ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. அதனால் எட்டு மணிச் சாப்பாடு ஒன்பதுக்குத்தான் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மேசையில் நடைப்பயணிகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொண்டோம். த்ருஃபாத் என்று ஒரு சாப்பாடு. உருளைக்கிழங்கை மெல்லிதாகச் சீவிப் பன்றிக்கொழுப்பில் வதக்கி, பூண்டு போட்டு, கடைசியில் புதிதாக அழுத்தியெடுத்த உப்பில்லாத சீஸைப் போட்டுக் கிளறுகிறார்கள். கரண்டியைத் தூக்கினால் சீஸ் நூல்நூலாகக் கூடவே வருகிறது. அதனோடு பச்சைக்கீரை, உப்புக்கண்டம். மலை ஏறி இறங்கிய வயிற்றுக்கு இதைவிட நல்ல உணவு எனக்குத் தெரியவில்லை.

வியாழன், மாந்தாய், மழை

எதிர்பார்த்தபடி மழை. மேகம் பள்ளத்தாக்கை மூடி வைத்திருக்கிறது. சிகரம் ஏற வழியில்லை. ஆனால் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுவாகத்தான் இருக்கும், அதனால் நிறைய எழுதப்போகிறேன்.

நேற்றிரவு தங்குமிடத்துக்காரரிடம் சீஸ் செய்வதைப் பார்க்க முடியுமா என்று தம்பி கேட்டான். அவருடைய உறவுக்காரப் பெண்மணி ஒருவர் மேலே சரிவில் சலேர் பசுக்கள் வைத்துக் கறக்கிறாராம். காலை ஐந்தரைக்கு வரவேண்டும், பேசிக்கொண்டே நிற்கக்கூடாது என்று நிபந்தனை. போனோம்.

அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. ரப்பர் பூட்ஸ், நீல மேலங்கி. எங்களைப் பார்த்து ஒரு 'போன்ழூர்', அவ்வளவுதான், வேலை தொடங்கிவிட்டது. கன்றுகள் ஒரு தனிப் பட்டியில். அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். கூட்டத்திலிருந்து அந்தக் கன்று மட்டும் முண்டிக்கொண்டு வெளியே வருகிறது. நேராகத் தாயிடம் ஓடி முட்டி முட்டிக் குடிக்கிறது. பால் இறங்கியதும் கன்றை இழுத்துத் தாயின் முன்னங்காலோடு கட்டி, அதன் முதுகில் ஒரு பிடி உப்பைத் தூவுகிறார். தாய் உப்பை நக்கிக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் கறக்கவேண்டும். சலேர் பசு கன்று பக்கத்தில் இல்லாமல் பால் விடாது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எங்கள் பெரியம்மா வீட்டுத் தொழுவம் அப்படியே கண்முன் வந்தது. அங்கேயும் முதலில் கன்றை ஊட்டவிடுவார்கள், அப்புறம் தாயின் முன்னால் கட்டுவார்கள். உப்பு மட்டும்தான் புதிது.

இப்படிக் கறப்பது மெதுவான வேலை. பாலும் குறைவு, கன்றுக்கும் பங்கு போய்விடும். அதனால்தான் இந்த வட்டாரத்திலேயே பெரும்பாலானவர்கள் சலேர் பசுவை இறைச்சிக்குக் கன்று வளர்க்க மட்டும் வைத்துக்கொண்டு, பாலுக்கு வேறு இனங்களுக்கு மாறிவிட்டார்கள். சலேர் பசுவின் பாலிலேயே சலேர் சீஸ் செய்பவர்கள் மிகச் சிலர்தான்.

கறந்த பால் சூடு ஆறுவதற்கு முன் ஜெர்ல் என்ற பெரிய மரத்தொட்டியில் விழுகிறது. செஸ்ட்நட் மரப்பலகைகளை இரும்பு வளையம் போட்டுச் சேர்த்த தொட்டி. அதைச் சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது. மரத்தின் உட்புறத்தில் தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் பாலைப் பக்குவப்படுத்துகின்றன. வெளியிலிருந்து உறைமோர்போல எதையும் சேர்ப்பதில்லை. பாலைக் கட்டியாக்க ரென்னட் மட்டும் போடுகிறார். சுமார் ஒரு மணி நேரத்தில் பால் உறைகிறது. அதைக் கலக்கி உடைத்து, தெளிநீரை வடித்து, துணியில் கட்டி அழுத்தி, கத்தியால் வெட்டி, திரும்ப அழுத்தி, திரும்ப வெட்டி... எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. அந்தக் கட்டியை இரவு முழுக்கப் புளிக்கவிடுகிறார். மறுநாள் அரைத்து உப்புப் பிசைந்து, அச்சில் திணித்து இரண்டு நாள் அழுத்தவேண்டும். அப்புறம் நிலவறையில் குறைந்தது மூன்று மாதம். ஒரு முழு உருளை சுமார் 40 கிலோ. ஒரு கிலோவுக்குச் சுமார் 10 லிட்டர் பால் என்றால், முழு உருளைக்கு 400 லிட்டர்.

சலேர் என்ற பெயரில் விற்கவேண்டுமானால் ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரைக்கும்தான் செய்யலாம், பசு புல் மேயும் காலம். பண்ணையிலேயே செய்யவேண்டும், பாலைக் காய்ச்சக்கூடாது. தொழிற்சாலைகளும் செய்யும் கான்தால் சீஸுக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அது ஆண்டு முழுவதும் கிடைக்கும். நவம்பர் 15க்குப் பிறகும் அதே பசு, அதே கை, அதே தொட்டி. ஆனாலும் அந்தப் பெயரை வைக்க முடியாது. பெயரைப் புல்லோடு கட்டிவைத்திருக்கும் இந்த விதி எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

வேலை முடிந்ததும் அந்த அம்மா காப்பி கொடுத்தார். தம்பி மூலம் கேட்டேன்: "உங்களுக்கு அப்புறம் யாரு இதைப் பார்ப்பாங்க?"

"மகள் பார்ப்பா. பாரிஸுக்குப் போனா, திரும்பி வந்துட்டா" என்றார். பிறகு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்து, "நேத்து புல்லை உள்ள எடுத்ததால தப்பிச்சோம்" என்று எழுந்துவிட்டார்.

பாரிஸ் இவர்கள் பேச்சில் அடிக்கடி வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளிலிருந்து கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். முதலில் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தார்கள், பிறகு விறகும் கரியும் விற்றார்கள், கரிக்கடையின் ஓரத்தில் வைன் ஊற்றிக் கொடுத்தார்கள். அப்படித் தொடங்கிய பல கடைகள்தான் பாரிஸின் கஃபேக்களாக மாறின. ஊரில் மிஞ்சியவர்களை 1914 போர் கொண்டுபோனது. வழியில் பார்த்த ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நினைவுத்தூண்; ஒரே குடும்பப் பெயர் இரண்டு, மூன்று முறை வருகிறது. இன்று காலியாகக் கிடக்கும் வீடுகளுக்கு இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம்.

வெள்ளி, புய் மரி

வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஆறு மணிக்கே கிளம்பினோம். கோடையில் மதியத்துக்குமேல் இடிமழை வரலாம், முதுகுப்பாதையில் அப்போது நிற்கக்கூடாது.

மாந்தாயிலிருந்து பீச் மரக்காட்டின் வழியே ஏறி ரெதோந்தே கணவாயை அடைந்தோம். காட்டுக்கு மேலே மஞ்சள் ஜான்சியான் பூத்திருந்தது. இடுப்பளவு உயரத்தண்டு, அடுக்கடுக்காக மஞ்சள் பூ. முதல் பூவைப் பூக்கவே அதற்குப் பத்தாண்டுகள்போல் ஆகும். கசப்பான அதன் வேரை நீண்ட இரும்புக் கவையால் நெம்பித் தோண்டி எடுத்து மது செய்கிறார்கள். அதைப் போலவே இலை உள்ள ஒரு நச்சுச்செடியும் பக்கத்திலேயே வளர்கிறது. இலைகள் தண்டில் எதிரெதிராக இருந்தால் ஜான்சியான். ஒன்றுவிட்டு ஒன்று மாறிமாறி இருந்தால் விஷம். பசுக்கள் இரண்டையும் தொடுவதில்லை.

வழியில் ஒரு ப்யூரோன். கோடைக்காலத்தில் மாட்டோடு மேலே வந்து தங்கிச் சீஸ் செய்தவர்களின் கல்வீடு. சரிவுக்குள் பாதி புதைந்து, வடக்கு நோக்கிய நிலவறையோடு கட்டியிருப்பார்கள். மே கடைசியில் ஏறினால் அக்டோபரில்தான் இறக்கம். தலைமைக்காரர் சீஸ் செய்வார், உதவியாள் ஒருவர், கன்றுகளைப் பார்க்க ஒரு சிறுவன். நாங்கள் பார்த்ததின் கூரை உள்ளே விழுந்துவிட்டது. சுற்றிலும் காஞ்சொறி மண்டியிருந்தது. காலங்காலமாகச் சாணம் விழுந்து உரமேறிய மண் என்பதால் கட்டடம் போனாலும் காஞ்சொறி போகாது. தூரத்திலிருந்தே பழைய ப்யூரோன் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இங்கேதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அந்தப் ப்யூரோனுக்கு மேலே உள்ள சரிவில் இப்போது மாடு இல்லை. புதர் ஏறிவிட்டது, நடுநடுவே சின்ன மரங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மந்தை மேயும் சரிவில் குட்டைப்புல்லும் பூவுமாக விரிந்து கிடக்கிறது. மண் ஒன்று, உயரம் ஒன்று, மழை ஒன்று. நாங்கள் இத்தனை நாள் 'இயற்கை' என்று ரசித்துக்கொண்டு வந்த இந்தப் பெரும் புல்வெளியை மாடுகளும் அவற்றை மேலே ஓட்டிவந்த மனிதர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் நடக்கும் பாதைகளில் பலவும் அவர்கள் போட்டவைதான். 1977இல் அமைந்த ஓவெர்ன் எரிமலைகள் வட்டாரப் பூங்காவுக்குள் இந்த மலைகள் வருகின்றன. ஆனால் பலகையும் எல்லைக்கோடும் மட்டும் புல்லைக் காப்பாற்றாது. அந்த அம்மாவின் மகள் பாரிஸிலிருந்து திரும்பி வந்ததுதான் காப்பாற்றும். மலை ஏற வருகிறவர்கள் இந்த ஊர்ச் சீஸை இந்த ஊரில் வாங்கவேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

புய் மரி 1,783 மீட்டர். பேய்ரோல் கணவாயிலிருந்து உச்சிவரை படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். கோடையில் வரும் கூட்டம் மிதித்து மிதித்து மண் சரிந்ததால் வேறு வழியில்லை. கணவாய்ச் சாலை 1,589 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரான்ஸின் நடுவில் உள்ள மத்திய மலைத்தொகுதியிலேயே உயரமான சாலைக் கணவாய். குளிர்காலம் முழுக்கப் பனி காரணமாகச் சாலையை மூடிவிடுவார்கள். 2024 தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம் இதைத் தாண்டித்தான் லியோரானில் முடிந்தது, அன்று வின்கெகோர் என்ற வீரர் ஜெயித்தார். தார்ச்சாலையில் இன்னும் வீரர்களின் பெயர்கள் வெள்ளைப் பெயின்ட்டில் தெரிகின்றன. உச்சியில் தம்பி கையைச் சுழற்றி ஒவ்வொரு பள்ளத்தாக்காகக் காட்டினான். எங்கள் முழுப் பயணமும் அங்கே ஒரே பார்வையில்: கிழக்கே முரா பக்கம், தென்கிழக்கே ப்ளோம், நடுவில் க்ரியூ, காலடியில் மாந்தாய்.

சனி, ஓரியாக்

பேருந்துக்குக் காத்திருக்கவேண்டாம், சந்தைக்குத்தான் போகிறேன் என்று தங்குமிடத்துக்காரர் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். ஜோர்தான் ஓடையை ஒட்டியே சாலை இறங்குகிறது. ஓரியாக் நெருங்கும்போது பெல்லியாக் என்ற குக்கிராமத்தின் பக்கம் கைகாட்டினார். கி.பி. 999இல் போப் ஆன இரண்டாம் சில்வெஸ்டர், அதாவது ழெர்பேர், பிறந்த இடம் அது என்பது ஊர்வழக்கு. அவர் ஓரியாக் மடத்தில் படித்து, ஸ்பெயின் பக்கம் போய்க் கணிதம் கற்றவர். இந்தியாவில் பிறந்து அரபுகள் வழியாக வந்த எண்குறிகளைக் கிறிஸ்தவ ஐரோப்பாவில் முதலில் கையாண்டவர்களில் ஒருவர். நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஓர் ஆட்டிடையன் வீட்டுப் பையன் என்று கதை சொல்கிறார்கள். நம் ஊர்ப்பக்கமிருந்து கிளம்பிய எண்கள் இந்த மாட்டு ஊர் வழியாகவும் போயிருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு சிலைக்கு முன் கொஞ்ச நேரம் நின்றேன்.

சந்தையில் அந்த அம்மாவின் மகள் கடை போட்டிருந்தார். சலேர் உருளையின் தோலில் சிவப்புத் தகடு பதித்திருக்கும், அதைப் பார்த்து வாங்கவேண்டும் என்று காட்டினார். தடித்த, சொரசொரப்பான தோல், உள்ளே அடர்மஞ்சள். போன வருஷக் கோடையில் செய்தது. வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, பிறகு வேர்க்கடலை வாசம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு சுறுக். ஒரு கிலோ வாங்கினோம்.

"எப்ப சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டார். இரண்டு நாளில் என்றான் தம்பி. அப்படியானால் ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம், துணியில் சுற்றி வையுங்கள், சாப்பிடும்போது தோலைச் சீவிவிடுங்கள் என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய நடக்க ஏற்ற காலம். கிளெர்மோன், ஓரியாக் இரண்டிலிருந்தும் முராவுக்கும் லியோரானுக்கும் ரயில் உண்டு. மாந்தாய் போன்ற உள்கிராமங்களுக்குப் பொதுப்போக்குவரத்து மிகக் குறைவு, நடந்தே சேர்வதுபோல் திட்டமிடுங்கள். தங்குமிடங்களில் படுக்கைகள் கொஞ்சம்தான், ஜூலை ஆகஸ்டில் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இரவுச் சாப்பாட்டோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கடை இருக்காது. இறைச்சி சாப்பிடாதவர்கள் பதிவு செய்யும்போதே சொன்னால் த்ருஃபாத்தைக் கொழுப்புக்குப் பதில் எண்ணெயில் செய்து தர முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம். மூன்றே முக்காலுக்கு எங்கள் ரயில்.